நின்னா உறையுமாமே கச்சா எண்ணெய்? பார்மர் லைன் பற்றி ஒரு சந்தேகம்

#1 மணல்வீடு
என் சித்தப்பா பையன் ராஜஸ்தான்ல பார்மர் பக்கம் எண்ணெய் வயல் வேலைக்குப் போய் ஆறு மாசம் ஆச்சு. பொங்கலுக்கு வந்தவன் ஒரு விஷயம் சொன்னான். அங்கே எடுக்கிற கச்சா எண்ணெய் குஜராத் கடற்கரை வரைக்கும் குழாய்லயே போகுதாம், வழி நெடுக குழாயைச் சூடு பண்ணிக்கிட்டே இருக்காங்களாம். "விட்டா தேங்காய் எண்ணெய் மாதிரி உறைஞ்சிடும்டா"ன்னான்.

பார்மர் வெயில் காலத்துல 48 டிகிரி தொடுற ஊர். அங்கே போய் எண்ணெய் உறையுமா? பய கதை விடுறானா? அப்படியே உறைஞ்சாலும் பெரிய பம்பா வச்சுத் தள்ளினா போகாதா? நான் மெக்கானிக்கல் டிப்ளமோ, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்லலாம்.

#2 பழைய பைப்லைன்
தம்பி, உங்கள் சகோதரர் சொன்னது உண்மை. 31 வருடம் குழாய்ப் பாதையிலேயே கழித்தவன் நான், முதல் பாதி அஸ்ஸாமில், மீதி மேற்குப் பக்கம்.

பார்மரின் பெரிய எண்ணெய் வயலான மங்களாவைக் கண்டுபிடித்தது 2004 ஜனவரியில். எண்ணெய் எடுக்கத் தொடங்கியது 2009 ஆகஸ்டில். நடுவில் போன அந்த ஐந்து வருடத்தில், எடுத்த எண்ணெயை எப்படி வெளியே கொண்டுபோவது என்பதே பெரிய தலைவலி. அந்த எண்ணெயில் மெழுகு அதிகம். போர் பாயின்ட், அதாவது ஆறிக்கொண்டே வரும் எண்ணெய், சாய்த்தால் வழியும் கடைசி வெப்பநிலை, 40 டிகிரிக்கும் மேல். வெயில் 48 அடிக்கலாம், ஆனால் குழாய் கிடப்பது ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கீழே. அங்கே மண் 25, 30 டிகிரிதான், குளிர்காலத்தில் இன்னும் இறங்கும். சும்மா விட்டால் குழாய்க்குள் ஷூ பாலிஷ்தான்.

ஆரம்பத்தில் சூடு குறையாத டேங்கர் லாரிகளில் ஓட்டினார்கள். 2010இல் 24 அங்குலக் குழாய் வந்தது. இப்போது பார்மரிலிருந்து குஜராத் கடற்கரையில் இருக்கும் போகத் என்ற ஊர் வரை கிட்டத்தட்ட 670 கிலோமீட்டர். சுற்றிலும் பாலியூரத்தேன் நுரைப் போர்வை, எண்ணெய் 65 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள மின்சாரச் சூடு. இவ்வளவு நீளத்துக்குத் தொடர்ந்து சூடேற்றும் குழாய் உலகத்தில் இது ஒன்றுதான் என்று அப்போது பேசினார்கள்.

#3 சந்தேகம் சங்கர்
670 கிலோமீட்டருக்கு ஹீட்டர் காயில் சுத்தி வச்சிருக்காங்களா? ஷாக் அடிக்காதா சார்? உள்ளே இருக்கிறது எண்ணெய் வேற!

#4 பழைய பைப்லைன்
சங்கர், நல்ல கேள்வி. காயில் கிடையாது. பெரிய குழாயின் முதுகில் ஒரு சின்ன இரும்புக் குழாயை நீளவாக்கில் பற்றவைத்திருப்பார்கள். அதற்குள் இன்சுலேஷன் போட்ட ஒரு கேபிள் போகும். கடைசி முனையில் கேபிளை அந்தச் சின்னக் குழாயோடேயே இணைத்துவிடுவார்கள். மாறுதிசை மின்சாரம் கேபிள் வழியாகப் போய், சின்னக் குழாயின் இரும்பு வழியாகத் திரும்பி வரும். திரும்பும்போது அது இரும்பு முழுக்கப் பரவாது, கேபிளைப் பார்த்திருக்கும் உட்பக்கத்து மெல்லிய தோலில் மட்டும் ஓடும். அந்தத் தோல்தான் சூடாகிறது. வெளிப்பக்கம் தொட்டால் ஒன்றும் செய்யாது. சுமார் 20 கிலோமீட்டருக்கு ஒரு மின் நிலையம் இருந்தால் போதும். இதற்கு ஸ்கின் எஃபெக்ட் என்று பெயர். எனக்குத் தெரிந்து குழாய்த் தொழிலில் இதைவிட அழகான சமாச்சாரம் இல்லை. பணி ஓய்வு பெற்றபோது அதன் வெட்டுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன், பூஜை அறையில் வைக்கக் கூடாது என்று வீட்டம்மா சொல்லிவிட்டார்.

#5 மணல்வீடு
நன்றி சார். பம்ப் விஷயம்?

#6 வேதிக்காரி
அதுக்கு நான் பதில் சொல்றேன். கச்சா எண்ணெய் லேப்ல பதினோரு வருஷமா இருக்கேன்.

முதல்ல தேங்காய் எண்ணெய் உதாரணத்துல ஒரு திருத்தம். மார்கழியில தேங்காய் எண்ணெய் உறையுதுன்னா பாட்டில்ல இருக்கிறதுல பெரிய பங்கே உறையுது. கச்சா எண்ணெய்ல அப்படி இல்லை. நூத்துல ரெண்டு பங்கு மெழுகு படிகமா வெளியே வந்தாலே போதும். தட்டை தட்டையா இருக்கிற அந்தப் படிகங்கள் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு சீட்டுக்கட்டு வீடு மாதிரி நிக்கும். மிச்சம் 98 பங்கு எண்ணெயும் திரவம்தான், ஆனா அந்த வீட்டுக்குள்ளே மாட்டிக்கிச்சு. பாட்டிலைக் கவுத்தா விழாது.

இது ஓட்டத்துல இருக்கிறப்போ நடக்காது. ஓட்டம் அந்த வீட்டைக் கட்ட விடாம உடைச்சுக்கிட்டே இருக்கும். நின்னு, ஆறினா மட்டும்தான் கட்டும். அப்புறம் அதை உடைக்க ஒரு குறைஞ்சபட்ச விசை வேணும். கணக்கு சுலபம்: உடைக்கிற தகைவை (ஒரு சதுர மீட்டருக்கு வேண்டிய விசை, பாஸ்கல்ல) நாலால பெருக்கி, நீளத்தால பெருக்கி, விட்டத்தால வகுக்கணும். ஒரு பேச்சுக்கு 50 பாஸ்கல்னு வச்சுக்கோங்க. தக்காளி சாஸை விடக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். 0.6 மீட்டர் விட்டம், 20 கிலோமீட்டர் நீளம். 67 பார் வருது (ஒரு பார்னா கிட்டத்தட்ட நம்மைச் சுத்தி இருக்கிற காத்தோட அழுத்தம்). 100 கிலோமீட்டர்னா 333 பார். சாதாரணமா இந்த மாதிரி லைன்களுக்கு அனுமதிக்கிற அழுத்தம் 100 பார் சுற்றுவட்டாரம். பெரிய பம்ப் வச்சா எண்ணெய் நகர்றதுக்கு முன்னாடி குழாய்தான் கிழியும்.

#7 மணல்வீடு
அக்கா, சாஸை விடக் கொஞ்சம் கெட்டி, அதுக்கே 333 பாரா! நீளம்தான் கொல்லுது போல.

#8 மஸ்கட் மாமா
நீளமும் கொல்லும், நேரமும் கொல்லும். ஒரு சம்பவம் சொல்றேன். ஊர் பேர், கம்பெனி பேர் கேக்காதீங்க.

10 அங்குல லைன், போர்வை கிடையாது. ராத்திரி கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் எடுக்கலை. இந்த மாதிரி லைன்ல எல்லாம் ஒரு 'தொடாத நேரம்' இருக்கும், அதுக்குள்ளே ஓட்டம் திரும்பிடணும். கன்ட்ரோல் ரூம் சுவத்துல சாக்பீஸ்ல எழுதியே வச்சிருந்தோம். எங்களுக்கு 8 மணி நேரம். கரண்ட் வந்தப்போ 9 தாண்டிடுச்சு.

பம்பைப் போட்டோம். இந்தப் பக்கம் கேஜ் ஏறுது: 30, 40, 45. அந்தப் பக்கம் ரேடியோவில கேட்டா "ஜீரோ சார், ஜீரோ சார்". ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒரு பெரியவர், மலையாளி. அவர் 50க்கு மேல ஏத்த விடலை. அப்படியே பிடிச்சு வைங்கடான்னாரு. உறைஞ்ச எண்ணெயும் கொஞ்சம் அமுங்கும், பக்கத்துல இருக்கிற வீடு உடைஞ்சா அழுத்தம் அடுத்த வீட்டுக்குப் போகும், அது உடையும், அப்படியே நடந்து போகும்னு அவர் கணக்கு. நாலு மணி நேரம் யாரும் உக்காரலை. விடியற நேரத்துல அந்தப் பக்கத்துக்காரன் கத்தினான் பாருங்க, "ஒண்ணு... ஒண்ணரை!" இன்னும் காதுல இருக்கு.

50க்கு மேல ஏத்தணும்னு அன்னிக்கு மிக அதிகமா சத்தம் போட்டது நான்தான். அதையும் சொல்லிடறேன்.

#9 கெமிக்கல் கார்த்தி
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? போர் பாயின்ட் டிப்ரெசன்ட்னு மருந்து இருக்கே. பத்து லட்சத்துல சில நூறு பங்கு ஊத்தினா மெழுகு கரைஞ்சிடும். நாங்க விக்கிறோம்.

#10 வேதிக்காரி
கார்த்தி, விக்கிறவரே இப்படிச் சொன்னா எப்படி? அது மெழுகைக் கரைக்காது. மெழுகு ஒரு கிராம் கூடக் குறையாது. படிகத்தோட உருவத்தைத்தான் மாத்தும். தட்டையா வளர வேண்டியது உருண்டு திரண்டு வளரும், ஒண்ணோட ஒண்ணு கோக்காது. அதுவும் படிகம் பிறக்கிறதுக்கு முன்னாடி, சூடா இருக்கிறப்போவே ஊத்தணும். ஆறின எண்ணெய்ல ஊத்தினா காசுதான் கரையும். ஒரு எண்ணெய்க்கு அற்புதமா வேலை செய்றது பக்கத்துக் கிணத்து எண்ணெய்ல திரும்பிக்கூடப் பாக்காது.

#11 கெமிக்கல் கார்த்தி
சரி, கரைக்கும்ங்கிறதை வாபஸ் வாங்கிக்கிறேன். பேச்சுவழக்குல சொன்னது. மத்தபடி வேலை செய்யும்.

#12 பழைய பைப்லைன்
மருந்துக்கு முன்னால் வேறொரு வித்தை இருந்தது. நஹர்கட்டியாவிலிருந்து பீகாரின் பரவுனி வரை 1,157 கிலோமீட்டர் குழாய் 1960களின் முதல் பாதியில் வந்தது. அஸ்ஸாம் எண்ணெயும் மெழுகு எண்ணெய்தான், போர் பாயின்ட் 30 டிகிரிக்குப் பக்கம். அங்கே குளிர்காலம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வழி நெடுகச் சூடேற்றவில்லை. கிளம்பும் இடத்திலேயே எண்ணெயை 95 டிகிரிக்கு மேல் காய்ச்சி, பிறகு அளந்து அளந்து ஆறவைத்து, குளிர்ந்த எண்ணெயாகவே அனுப்பினார்கள். அது வழியில் உறையவில்லை. மருந்தெல்லாம் பிற்பாடு வந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது புரியவே இல்லை. காய்ச்சி ஆறவைத்தால் பழையபடிதானே ஆகும் என்று கேட்டேன்.

#13 வேதிக்காரி
அய்யா, இது எனக்குப் பிடிச்ச இடம். நெய் காய்ச்சினவங்களுக்குப் புரியும். உருக்கின நெய்யை மெல்ல ஆறவிட்டா மணல் மணலா உறையும், நடுவுல திரவ நெய் நிக்கும், சாய்ச்சா வழியும். அதையே சட்டுனு ஃபிரிட்ஜில வச்சா வெண்ணெய் மாதிரி வழுவழுன்னு இறுகிடும். நெய் ஒண்ணுதான். ஆறின விதம் வேற. மெல்ல ஆறினா கொஞ்சம் படிகம், ஒவ்வொண்ணும் பெருசு. அவசரமா ஆறினா கோடிக்கணக்குல பொடிப் படிகம், எல்லாம் கோத்துக்கும்.

அதோட, அரைகுறையா சூடு பண்றதுதான் ஆபத்து. சில எண்ணெய்களை 50 டிகிரி வரைக்கும் மட்டும் காய்ச்சி ஆறவிட்டா, காய்ச்சாம விட்டதை விட மோசமா உறையும். அதனால லேப்ல மாதிரி வந்தா நான் முதல்ல கேக்கிறது இது எவ்வளவு டிகிரின்னு இல்லை, வழியில என்னென்ன சூடு பட்டுதுன்னுதான்.

#14 சந்தேகம் சங்கர்
நிக்காம ஓடினா பிரச்சினையே இல்லைன்னு எடுத்துக்கலாமா?

#15 பழைய பைப்லைன்
இல்லை. ஓடும்போது இன்னொரு வேலை நடக்கும், சுவரில் படிவது. எண்ணெய் சூடாகவும் சுவர் குளிர்ந்தும் இருந்தால் மெழுகு சுவரை நோக்கி நகர்ந்து ஒட்டும். முதலில் அது களி மாதிரி, பாதிக்கு மேல் எண்ணெய்தான். நாள் போகப் போக உள்ளிருக்கும் எண்ணெய் வெளியேறி, கனமான மெழுகு உள்ளே புகுந்து, கெட்டியாகிக்கொண்டே போகும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபோக்ளர் குழுவினர் 2000வாக்கில் இந்த முதிர்ச்சியை அளந்து காட்டினார்கள். குழாய் சுத்தம் செய்கிற ஆட்களுக்கு அது முன்பே தெரியும்: வாராவாரம் சுரண்டினால் களி, மூன்று மாதம் விட்டால் பலகை.

ஓட்டம் மெதுவானால் நிலைமை இன்னும் கெடும். அலாஸ்காவின் 1,287 கிலோமீட்டர் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். 48 அங்குலம், 1977இல் திறந்தது. 1988இல் நாளைக்கு 20 லட்சம் பீப்பாய் ஓடியது. இப்போது 5 லட்சம்கூட இல்லை. அன்று நாலைந்து நாளில் கடல் சேர்ந்த எண்ணெய் இன்று இரண்டு வாரத்துக்கும் மேல் வழியில் கிடக்கிறது, ஆறுகிறது, மெழுகு விடுகிறது, தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கிறது. இப்போது பம்ப் நிலையங்களில் எண்ணெயைச் சுற்றவிட்டுச் சூடேற்றி அனுப்புகிறார்கள். 2011 ஜனவரியில் முதல் பம்ப் நிலையத்தில் கசிவு கண்டு நிறுத்தினார்கள். கசிவு முழுதாகச் சரியாகும் முன்பே தற்காலிகமாகத் திரும்ப ஓட்டவேண்டி வந்தது. நடுக் குளிர்காலம், பாதை நடுவே பிக்குகள் வேறு இருந்தன, மேலும் நின்றால் கிளப்ப முடியாது என்ற பயம்.

வயல் கிழடாகிறது, குழாயின் விட்டம் அப்படியே இருக்கிறது. இதை வடிவமைப்பவர்கள் யோசிப்பதே இல்லை என்பது என் ஆதங்கம்.

#16 மணல்வீடு
பிக்குன்னா?

#17 மஸ்கட் மாமா
குழாய்க்குள்ள ஓட்டி விடுற சுரண்டி. உடம்பு இரும்பு, சுத்தி ரப்பர் வட்டு, சிலதுல கம்பி பிரஷ். எண்ணெயே பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டுப் போகும். பன்னின்னு ஏன் பேர் வச்சான்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வான்.

லாஞ்சர்ல, அதாவது பிக்கை உள்ளே விடுற முனையில, போட்டு விடறது பெரிய விஷயம் இல்லை. அது வந்து சேர்ற முனையான ரிசீவரைத் திறக்கிறதுதான் வேலை. அழுத்தம் இறக்கி, வடிச்சு, கேஸ் மீட்டர்ல ஹைட்ரஜன் சல்பைட் பாத்து, அப்புறம் பக்கவாட்டுல நின்னு கதவைத் திறக்கணும், நேரா நிக்கவே கூடாது. திறந்ததும் மெழுகு வரும். கருப்பட்டிப் பாகு ஆறினா எப்படி இருக்கும், அந்த நிறம், அந்தப் பதம், ஆனா மண்ணெண்ணெய் வாடை. மண்வெட்டியில வெட்டி டிரம்ல போடுவோம். கூடவே கருப்புப் பொடி வந்தா சத்தம் போட்டுத் தண்ணி கேளுங்க. அது இரும்பு சல்பைடா இருக்கலாம், காத்துல காஞ்சா தானாவே பத்திக்கும்.

புதுசா வர்ற பசங்க பண்ற தப்பு ஒண்ணு. ரொம்ப நாள் சுரண்டாத லைன்ல இறுக்கமான பிக்கை நேரா போட்டுடுவாங்க. அது முன்னாடி மெழுகைக் குவிச்சுக்கிட்டே போய், கடைசியில மெழுகே அடைப்பாகி, பிக்கும் சிக்கிடும். முதல்ல மெத்துனு ஃபோம் பிக், அப்புறம் கொஞ்சம் கெட்டி, அப்புறம்தான் பிரஷ். நடுவுல ஓட்டை போட்ட பிக்கும் உண்டு, ஓட்டை வழியா பாயற எண்ணெய் முன்னாடி சேர்ற மெழுகைக் கலைச்சு விடும்.

#18 பழைய பைப்லைன்
சுரண்டாமலே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அலாஸ்காவிலேயே உதாரணம் உண்டு. 2006 மார்ச்சில் புரூடோ பே வயலில் ஒரு சேகரிப்புக் குழாய் ஓட்டையாகி இரண்டு லட்சம் கேலனுக்கு மேல் பனிவெளியில் போனது. பல வருடமாக பிக் ஓட்டாத குழாய். அடியில் தேங்கிய வண்டலுக்குக் கீழே அரிப்பு சத்தமில்லாமல் வேலை பார்த்திருந்தது.

#19 கடலோடி
ஆழ்கடல் பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை. எங்களுக்கு மெழுகு ரெண்டாம் பட்சம். முதல் எதிரி ஹைட்ரேட். வாயுவும் தண்ணியும் சேர்ந்த ஐஸ், ஆனா சாதாரண ஐஸ் இல்லை. மீத்தேன்னா 40 பார் அழுத்தத்துல 4 டிகிரியிலேயே உறைஞ்சிடும், தீ வச்சா எரியும். வாயுக் குழாய்களை அடைக்கிறது வெறும் ஐஸ் இல்லை, இதுதான்னு 1934லேயே ஹேமர்ஷ்மிட் எழுதிட்டாரு. 2010ல மெக்சிகோ வளைகுடாவுல கிணறு வெடிச்சப்போ, கசிவுக்கு மேல கவுத்த இரும்புக் கூண்டை அடைச்சதும் இதேதான்.

மெழுகு அடைப்புக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹைட்ரேட் அடைப்பை ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் இறக்கி எடுக்கப் பாக்காதீங்க. சுவரோட பிடி விட்டதும் அது துப்பாக்கிக் குண்டு. ரெண்டு பக்கமும் சேர்த்து, மெதுவா இறக்கணும். ஆள் செத்திருக்காங்க.

#20 கெமிக்கல் கார்த்தி
ஆஸ்ஃபால்டீனை விட்டுட்டீங்களே, எண்ணெய்ல இருக்கிற தார் மாதிரி கனமான பொருள். கனமான எண்ணெய்னா அதுதான் அடைக்கும்.

#21 வேதிக்காரி
அதுவும் பாதி சரிதான் கார்த்தி. வெனிசுலாவோட போஸ்கான் எண்ணெய்ல ஆஸ்ஃபால்டீன் நூத்துக்கு 17 பங்கு. படிவுத் தொல்லை கிட்டத்தட்டக் கிடையாது. அல்ஜீரியாவோட ஹாசி மெசவூத் எண்ணெய் தண்ணி மாதிரி லேசு, ஆஸ்ஃபால்டீன் ஆயிரத்துல ஒரு பங்கு. அங்கே கிணத்துக்குள்ளேயே அடைச்சு உயிரை வாங்குச்சு. எவ்வளவு இருக்குங்கிறது முக்கியம் இல்லை, எண்ணெய் அதைத் தாங்கிப் பிடிக்குதாங்கிறதுதான் முக்கியம். லேசான எண்ணெய்ல அழுத்தம் குறைஞ்சு குமிழ் விடுற நிலைக்கு வர்றப்போ தாங்காம கீழே போட்டுடும்.

இங்கேதான் வைத்தியம் மாறுற ஆபத்து. மெழுகு எண்ணெய் கெட்டியா இருக்கு, கண்டென்சேட் (வாயுவோட சேர்ந்து வர்ற ரொம்ப லேசான எண்ணெய்) கலந்து இளக்கலாம்னு யாராவது யோசனை சொல்வாங்க. இளகும். ஆனா அந்த எண்ணெய்ல ஆஸ்ஃபால்டீன் இருந்தா அது வெளியே வந்து படியலாம். படிஞ்சதைச் சூடு பண்ணினா மெழுகு மாதிரி உருகாது, டொலுவீன் மாதிரி கரைப்பான்தான் கரைக்கும். ஒரு தடவை எங்க லேப்புக்கு 'மெழுகு' ன்னு எழுதி ஒட்டின டப்பா வந்துச்சு. ஹாட் பிளேட்ல வச்சேன். ஒரு மணி நேரமாச்சு, அசையலை, ஓரம் மட்டும் பளபளன்னு விரிசல். அதுக்குள்ளே டப்பா அனுப்பின இடத்துல, மெழுகுன்னு நம்பி, மூணு நாளா சூடான எண்ணெய் ஊத்திக்கிட்டு இருந்தாங்க.

#22 மணல்வீடு
அப்போ பார்மர்ல மெழுகு மட்டும்தானா?

#23 பழைய பைப்லைன்
மெழுகுதான் முதல். ஆனால் அங்கே 2014, 15 வாக்கிலிருந்து மண்ணுக்குள் பாலிமர் (தண்ணீரைக் கெட்டியாக்கும் வேதிப்பொருள்) கலந்த தண்ணீரைச் செலுத்தி எண்ணெயைத் தள்ளுகிறார்கள். போன பாலிமர் கொஞ்ச நாளில் எண்ணெயோடு திரும்பி வரும். எண்ணெய், தண்ணீர், பாலிமர், மெழுகுப் பொடி எல்லாம் கலந்து மோர் மாதிரி நின்றால் பிரிப்பது பெரும்பாடு. எண்ணெயில் தண்ணீர்த் துளி அதிகமாக ஆக அது கெட்டியாகும், ஒரு அளவு தாண்டினால் திடீரென்று தலைகீழாகி இளகும். இது தனி இழைக்கான விஷயம், இங்கே வேண்டாம்.

#24 மணல்வீடு
எல்லாருக்கும் நன்றி. தம்பிகிட்ட இந்த இழையைக் காட்டினேன். "தொடாத நேரம் உங்க லைன்ல எத்தனை மணி"ன்னு கேட்டேன், அதெல்லாம் வெளியே சொல்லக் கூடாதுன்னுட்டான். சரியான பதில்தான்.

அப்புறம் வேதிக்காரி அக்கா, நெய்யைச் சோதிச்சுப் பாத்துட்டேன். ரெண்டு டம்ளர், ஒரே பாத்திரத்துல உருக்கினது. ஒண்ணை ஃபிரீசர்ல வச்சேன். இன்னொண்ணை வெந்நீர் ஊத்தின குக்கர்ல இறக்கி, மூடி, போர்வை சுத்தி ராத்திரி பூரா விட்டேன். காலையில ஃபிரீசர் டம்ளரை வெளியே எடுத்து, குக்கர் டம்ளரோட அதே சூட்டுக்கு வர்ற வரைக்கும் வச்சிருந்து, ரெண்டுலயும் ஸ்பூன் நட்டேன். ஃபிரீசர்ல வச்சதுல ஸ்பூன் கம்பம் மாதிரி நின்னுச்சு. குக்கர்ல இருந்ததுல மெதுவா சாய்ஞ்சு, மணலுக்குள்ள இறங்கி, மேலே மஞ்சளா எண்ணெய் ஊறிச்சு. படம் எடுத்து வச்சிருக்கேன், இங்கே ஏத்த வரலை. அம்மா இன்னும் பேசலை, அது பசு நெய்யாம்.

#25 வேதிக்காரி
அடுத்தது அரைகுறைச் சூடு சோதனை. அம்மாகிட்ட கேட்டுட்டுப் பண்ணு தம்பி.